இரண்டு வீட்டுப் புண்

தையல்காரியின் இடது காலில் மூன்று வருடமாக ஆறாமல் இருந்த புண் ஒரு செவ்வாய்க்கிழமை மூடியது. புதன்கிழமை காலை அது அவள் தம்பியின் காலில் இருந்தது. தம்பி நாலு தெரு தள்ளி முடிவெட்டும் கடை வைத்திருந்தான். அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் இருவரும் பேச்சை நிறுத்தி எட்டு வருடம் ஆகியிருந்தது. அதனால் அக்கா ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று அவன் உறுதியாக நம்பினான், அவள் காதுக்கு எட்டும்படி எல்லோரிடமும் சொன்னான்.

இரண்டு வீட்டுக்கும் போனது ஒரே நர்ஸ். ஆறாத புண்களுக்கென்றே படித்து, வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுகிறவள். சந்தேகம் அவள் தொழிலில் பாதி. புண் ஆறவில்லையென்றால் யாரோ எதையோ மறைக்கிறார்கள்: ஒளித்து வைத்து இனிப்புத் தின்கிறார்கள், கட்டைத் தளர்த்திச் சொறிகிறார்கள், காலைத் தூக்கி வைக்கச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுத் தொங்கப்போட்டு உட்கார்கிறார்கள். தம்பியின் புண்மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தை வரைந்தபோதே அவளுக்கு உறுத்தியது. அக்காவின் பழைய தாளை எடுத்து மேலே வைத்துப் பார்த்தாள். கோட்டோடு கோடு பொருந்தியது, கணுக்கால் பக்கத்துச் சின்ன நெளிவு உட்பட. மேற்பார்வையாளருக்கோ அவள்மீதே சந்தேகம். வீட்டுக்குப் போகாமலே ஒரு தாளைப் பார்த்து இன்னொன்றை வரைந்திருக்கிறாள் என்று, ஒரு வாரத்துக்குள் விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

அந்த வாரமே தம்பியின் கால் வடு இல்லாமல் சுத்தமானது. புண் தையல்காரியிடம், பழைய இடத்திலேயே இருந்தது. நர்ஸ் இறுக்கிக் கட்டுப் போட்டு, துணி மடிப்புகளின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தாள். அடுத்த முறை கோடு துண்டு துண்டாக விலகிக் கிடந்தது. புண் சீழ் பிடித்திருந்தது, உடம்பு கொதித்தது.

"யாரும்மா கட்டைப் பிரிச்சது?"

"நான்தான். ஆறிடுச்சுன்னா தம்பிகிட்ட போயிடுது. போன தடவை வடுவைக் கீறினதும் திரும்ப வந்துடுச்சு, அதான் மூட விடறதில்ல. எனக்கு உக்காந்து பாக்கிற வேலை. அவன் நாள் பூரா நிக்கிறவன்."

"எட்டு வருஷமா பேசாத தம்பிக்காகவா?"

"பேசறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நர்ஸ் நம்பவில்லை. இதைவிடச் சாமர்த்தியமான பொய்களையெல்லாம் கேட்டவள் அவள். ஆனாலும் கால் போய்விடும் நிலை. மருந்தை ஆரம்பித்துவிட்டு நேராகத் தம்பியின் கடைக்குப் போய், அக்கா சொன்னதைச் சொன்னாள்.

"நடிப்பு," என்றான் தம்பி, கத்தரியை நிறுத்தாமல். "எல்லாத்தையும் தன் தலைமேல போட்டுக்குவா, அப்புறம் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவா."

"இதை அவங்க யார்கிட்டயும் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன். காய்ச்சல் நூத்தி மூணு."

கத்தரி நின்றது. பாதி வெட்டிய முடியோடு ஒருவரை நாற்காலியில் விட்டுவிட்டு அவன் நாலு தெருவையும் ஓடியே கடந்தான்.

"குடு," என்றான், வாசலில் நின்றபடி.

"என்னத்தடா?"

"ரெண்டு மாசம் நான் வெச்சிக்கிறேன். அப்புறம் நீ வெச்சிக்கோ."

"நின்னுட்டே வேலை செய்யறவனுக்கு எப்படிடா..."

"ஸ்டூல் போட்டுக்கிறேன். குடுக்கா."

அவள் அதன்பின் கட்டைத் தொடவில்லை. காய்ச்சல் இறங்கியது, சீழ் வடிந்தது, தோல் மூடியது. மறுநாள் புண் தம்பியிடம் போயிற்று. மேற்பார்வையாளர் நம்பாமல் தானே வந்து இரண்டு வீட்டிலும் இரண்டிரண்டு முறை அளந்தார். முறை மாறியபோது மீண்டும் வந்து அளந்தார். பிறகு விளக்கம் கேட்டதை அவராகவே மறந்துவிட்டார்.

இப்போது அலுவலகப் படிவத்தில் அந்தப் புண்ணுக்கு ஒரே எண், இரண்டு முகவரி. முடிவெட்ட வருகிறவர்கள் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், இது அவன் முறை என்று புரிந்துகொண்டு, நாற்காலியைத் தாங்களே கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறார்கள்.