அடிக்குறிப்பில் உதயகலா

அபிகாயிலுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மூக்குத்தான் சிவக்கும். அவளுடைய ஆய்வு மேற்பார்வையாளர் பேராசிரியர் பிரகலாதனின் அறையில் அன்று அது நன்றாகவே சிவந்திருந்தது.

சிங் அரச காலத்துச் சீனப் படிப்பாளிகள் குறிப்பேடுகள் வைத்திருந்தார்கள். பேய்க்கதை, பழைய நூல்களின் பிழைகள், பல்வலிக்கு மருந்து என்று எல்லாம் கண்டபாட்டுக்குக் கிடக்கும். அவற்றைப் பற்றியதுதான் அவளுடைய ஆய்வு. மானிப்பாயிலிருந்து பெய்ஜிங் வரை போய், இரண்டு வருடம் மண்டையை உடைத்துச் சீனம் படித்துவிட்டுத் திரும்பியவள்.

ஒரு குறிப்பில் மட்டும் அவளுக்கு உயிர். பூரணைக்கு நண்டு சதைபிடிக்கும் என்று பழைய நூல்கள் சொல்வது பிழை, பூரணை நண்டு வெறும் ஓடு என்று எழுதிய ஒரு படிப்பாளி, "இதைச் சொன்னவன் படகோட்டி சென்" என்று முடித்திருந்தார். நீர் தலைகீழாக மொழிபெயர்த்துவிட்டீர் என்றார் பிரகலாதன். அவள் நேரே கொழும்புத்துறைக் கடற்கரைக்குப் போய், நண்டு விற்கும் உதயகலாவிடம் கேட்டாள்.

"நிலவுக்கு நண்டு வாங்காதேங்கோ ரீச்சர், வெறுங்கோது. உது தெரியாமலே உவ்வளவு படிச்சனீங்கள்?"

அபிகாயில் அதை அடிக்குறிப்பில் போட்டாள், பெயரோடு. வினை அங்கேதான் தொடங்கியது.

"மொழிபெயர்ப்பு சரிதான், ஒத்துக்கொள்ளுறன்," என்றார் பிரகலாதன். "ஆனா மீன்காரியின்ரை பேரை எடும். 'கள ஆய்வு' எண்டு போடும். பார்க்கிறவை சிரிப்பினம்."

"அப்ப உங்கடை பேரையும் எடுத்துப்போட்டு 'மேற்பார்வை' எண்டு போடட்டோ, சேர்?"

அவர் ஆய்வேட்டைத் தள்ளிவிட்டார். "எடுக்காட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அன்றுதான் கையளிக்கக் கடைசி நாள். பட்டம் இல்லாவிட்டால் நிரந்தர விரிவுரையாளர் வேலையும் இல்லை. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படகோட்டியின் பெயரை எழுத அந்தக் காலத்துப் படிப்பாளி கூசவில்லை. எனக்கு மட்டும் என்ன வந்தது என்று நினைக்க நினைக்கப் பயத்தைவிட எரிச்சல்தான் கூடியது. ஏட்டைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகக் கந்தோருக்கு நடந்தாள்.

எழுதுவினைஞர் நிரோஜா படிவத்தைப் புரட்டினாள். "மேற்பார்வையாளற்றை கையெழுத்து எங்கை?"

"இல்லை." அபிகாயில் பேனையை எடுத்து அந்த இடத்தில், "ஒருவரின் பெயரை நீக்க மறுத்ததால் கையெழுத்து கிடைக்கவில்லை" என்று எழுதினாள்.

"இப்பிடிக் குடுத்தால் திரும்பி வரும், மிஸ்."

"வரட்டும். திருப்பித் திருப்பிக் குடுப்பன். பேரோடை."