வாத்துத் திட்டம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டரிடம் இதுவரை நானூற்று முப்பது பேர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் வலது எது, இடது எது என்று கடைசிவரை முடிவுக்கு வராத கணக்கு வாத்தியார் ஒருவர் உண்டு. கண்ணாடியைக் கழற்றினால்தான் நன்றாகத் தெரிகிறது என்று சாதித்த தபால்காரர் ஒருவர் உண்டு. அத்தனை பேருக்கும் உரிமம் வாங்கிக் கொடுத்தவருக்குச் சொந்தப் பெண்டாட்டிக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க முடியவில்லை. அந்த அம்மாள் நான்கு முறை தேர்வுக்குப் போனார். நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்.

அவர் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குழந்தையின் கையில் நரம்பு தேடிப் பழகிய விரல்கள். ஸ்டியரிங்கையும் அப்படித்தான் பிடிப்பார். கோளாறு காதில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக வார்டில் மணி அடித்தால் போட்டது போட்டபடி எழுந்து ஓடியவர். பின்னால் எவனாவது ஹாரன் அடித்தால் போதும், இரண்டு காலும் தாமாகவே பெடலை விட்டு எழும். வண்டி ஒரு விக்கல் விக்கி நின்றுவிடும். மூன்றாவது தேர்வில் கதவைத் திறந்து பாதி இறங்கியே விட்டார். எங்கே போகிறீர்கள் என்று பரிசோதகர் கேட்டதற்கு, ஆறாம் நம்பர் படுக்கைக்கு என்று பதில் சொல்லியிருக்கிறார்.

இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. மலைக்கு அந்தப் பக்கம் சின்ன மருத்துவமனை ஒன்று திறக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு நர்ஸாக இவரைப் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்து வந்த பொறுப்பு. பேருந்து கிடையாது. ஒன்றாம் தேதி காலையில் தானே வண்டி ஓட்டி வந்து சேர வேண்டும். முடியாவிட்டால் பொறுப்பு அடுத்த நர்ஸுக்கு. அந்த அடுத்த நர்ஸ் தெர்மாமீட்டரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறவர் என்பது நர்ஸம்மாவின் கட்சி. மாதத்தின் கடைசித் தேர்வு இருபத்தாறாம் தேதி. அதை விட்டால் கதை முடிந்தது.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு வயது பதினெட்டு. நானூற்று முப்பது பேரும் ஆளுக்கொரு இடத்தில் இடித்ததால் அதன் உடம்பில் சமதளம் என்று ஒன்று கிடையாது. பானெட் முழுசாக மூடாது; அரை அங்குலம் வாய் பிளந்தபடியே இருக்கும். சைலன்சர் ஒரு கம்பியின் தயவில் தொங்கியது. வண்டி கிளம்பினால் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்கள் துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடுவார்கள், மழை வருகிறது என்று. கூரைமேல் இருந்த பள்ளியின் பெயர்ப்பலகை ஒரு காற்றில் பறந்து போனது. அது எங்கே இறங்கியது என்று இன்றுவரை தகவல் இல்லை.

அந்தச் சமயத்தில் பிரசவ வார்டுக்குச் சுவர் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பிறந்த குழந்தைக்குக் கறுப்பும் வெள்ளையும்தான் நன்றாகத் தெரியுமாம். அதனால் கறுப்பு வெள்ளையில் சுழி சுழியாக ஒரு வடிவம், நடுநடுவே சின்னச் சின்ன வாத்துகள். மீந்த சுருள்களை நர்ஸம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார். மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து துருவையும் ஒடுக்கையும் மறைக்கிற மாதிரி வண்டி முழுக்க ஒட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் தலை சுற்றும். கிட்டே வந்து பார்த்தாலும் சுற்றும்.

அவர் அறியாதது ஒன்று உண்டு. கார்க் கம்பெனிகள் புது வண்டியைச் சோதித்துப் பார்க்க ரோட்டுக்குக் கொண்டுவரும்போது, உருவம் தெரியாமல் இருக்க இதே மாதிரி கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டித்தான் அனுப்புவார்கள். பெரிய கம்பெனி ஒன்று பேய் வேகத்தில் ஓடும் புது மாடலை இந்தப் பக்கத்தில் ரகசியமாக ஓட்டிப் பார்க்கிறது என்று கார்ப் பிரியர்கள் மத்தியில் ஒரு மாதமாகவே வதந்தி.

அந்தப் பிரியர்களுக்கு ஒரு குழு இருந்தது. அதன் தலைவன் நர்ஸம்மாவின் தம்பி. வேலை, லிஃப்ட் பழுதுபார்ப்பது. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிறவனுக்கு முன்னால் போகும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. குழுவில் அவன் பெயர் டர்போ. அக்கா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமாவின் வண்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே உள்ளே போவான். அதனால்தான் ஒரு காலையில் பத்தாவது மாடியின் லிஃப்ட் அறையிலிருந்து அந்த வண்டியைப் பார்த்தபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. படமும் வீடியோவும் எடுத்துக் குழுவில் போட்டான்.

அன்று மத்தியானத்துக்குள் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. பானெட்டின் இடைவெளி காற்று உள்ளே போவதற்கு. சத்தத்தைக் கேட்ட ஒரு நிபுணர் எட்டு சிலிண்டர் என்றார். இன்னொருவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எட்டு இல்லை, ஆறு, ஆனால் கோபமான ஆறு என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஒரு பல் டாக்டர் பின்சக்கரத்துக்கு மேலே வாத்தைக் கண்டுபிடித்தார். கம்பெனி இதற்கு வைத்திருக்கும் ரகசியப் பெயர் ‘வாத்துத் திட்டம்’ என்பது அதோடு உறுதியானது. வண்டியில் சிவப்பில் ‘எல்’ என்று எழுதியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அவரைக் குழுவிலிருந்து நீக்கவில்லை, பரிதாபப்பட்டார்கள். பழகுநர் வண்டி என்று நினைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கம்பெனிக்காரன் மூளையே மூளை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறதே என்று ஒருவர் கேட்டார். அத்தனை சத்தம் போடும் வண்டி இருபதில் போகிறது என்றால் எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார்கள். அவர் யோசித்துப் பார்த்து, அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை நர்ஸம்மா பயிற்சிக்கு வண்டியை எடுத்தபோது பின்னால் மூன்று கார்கள் வந்தன. அடுத்த நாள் பதினொன்று. வாரக் கடைசியில் நாற்பத்துமூன்று. வேவு பார்க்க வந்தவர்கள் என்பதால் முப்பதடி தள்ளியே வந்தார்கள்; ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. வேறு எந்த வண்டியும் இடையில் புகவும் விடவில்லை. ஹாரன் இல்லாத ரோட்டில் நர்ஸம்மா நதியில் படகு விட்டமாதிரி ஓட்டினார். திருப்பத்தில் திரும்பினார், மேட்டில் நிறுத்தி எடுத்தார், பின்னால் வந்து இரண்டு கம்பத்துக்கு நடுவே சொருகினார்.

“பின்னால வர்றவங்க என்ன மரியாதையா வர்றாங்க பாருங்க. ஜனங்க திருந்திட்டாங்க போல.”

“ஆமா, ஆமா” என்றார் மாஸ்டர். கண்ணாடியில் அத்தனை கேமராக்கள் மினுங்குவதைப் பார்த்து அவருக்கு வேர்த்தது. ஒருநாள் முச்சந்தியில் ஒருவர் ஓடி வந்து ஜன்னலில் குனிந்து, இது அந்த வண்டிதானே என்று கேட்டார். எந்த வண்டியும் இல்லை, இது டிரைவிங் ஸ்கூல் வண்டி என்றார் மாஸ்டர். கேட்டவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார். இல்லை என்று சொல்ல ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்று அரைமணி நேரத்தில் குழுவில் செய்தி வந்தது.

இருபத்துநான்காம் தேதி கெட்டது வந்தது. நாற்பத்துமூன்றில் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு ஹாரனை அழுத்திவிட்டார். நர்ஸம்மாவின் கால்கள் எழுந்தன, வண்டி விக்கியது, நின்றது. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இது நமக்கு லாயக்கில்லை, அந்தத் தலைகீழ்க்காரியே போய் உட்காரட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். மாஸ்டர் வாசலுக்கு வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து டர்போ வந்தான். வண்டியை ஏழடி தூரத்தில் முதன்முறையாக நேராகப் பார்த்தான். சுற்றி வந்தான். வாத்தைத் தொட்டான். குனிந்து சைலன்சர் கம்பியைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் மாடி மாடியாக இறங்கியது.

“மாமா, இது நம்ம வண்டியா?”

“உனக்கு எப்ப நம்ம வண்டி ஆச்சு மாப்ளே? போன மாசம் வரைக்கும் இதைத் தகர டப்பான்னுதானே சொல்லிட்டிருந்த.”

“இது வெளிய தெரிஞ்சா நான் லிஃப்டுக்குள்ளயே குடியிருக்க வேண்டியதுதான் மாமா. ஆறாயிரம் பேர் இருக்காங்க குழுவுல.”

தெரிய வேண்டாம் என்றார் மாஸ்டர். இருபத்தாறு வரைக்கும் தெரியாமல் இருந்தால் போதும். ஆனால் ஒரு ஹாரன், ஒரே ஒரு ஹாரன் கேட்டால் அக்காவின் பொறுப்பு போய்விடும். டர்போ வாசற்படியில் உட்கார்ந்தான். அவனுக்கும் அக்கா ஒருத்திதான். சின்ன வயதில் ஊசி போட வந்தவளிடமிருந்து அவனை மறைத்து வைத்தவள், பிறகு அவளே நர்ஸாகி அத்தனை ஊசியையும் வட்டியோடு போட்டவள். போனை எடுத்துத் தட்டினான். உள்ளிருந்து நம்பகமான தகவல்: இந்த வண்டியில் சத்தம் உணரும் காவல் ஏற்பாடு உண்டு, ஹாரன் கேட்டால் இன்ஜின் தானே அணைந்துவிடும். இருபத்தாறாம் தேதி முக்கியமான ஓட்டம். ஹாரன் அடிக்கிறவர் பெயர் நீக்கப்படும்.

இதை யாரும் சந்தேகிக்கவில்லை. அன்று காலை ஹாரன் அடித்ததும் வண்டி அணைந்த வீடியோ எல்லோரிடமும் இருந்தது. தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது என்று வியந்துகொண்டார்கள்.

நர்ஸம்மாவை எழுப்பி உட்கார வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் மாஸ்டர், அந்தத் தலைகீழ்க்காரி பொறுப்பேற்றால் முதல் நாளே எத்தனை பேருக்குக் காய்ச்சல் இல்லாமல் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எழுந்துவிட்டார்.

தேர்வு நாள் காலை, நான்கு முறையும் அவரைத் திருப்பி அனுப்பிய அதே பரிசோதகர் வெளியே வந்தார். சிரித்து யாரும் பார்க்காத மனிதர். வண்டியைப் பார்த்ததும் அவர் நடை மாறியது. மாஸ்டரைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“உள்ள இன்ஜின் மாத்திட்டாங்களா மாஸ்டர்?”

“பழைய இன்ஜின்தான் சார்.”

“அப்படித்தான் சொல்லணும். சொல்லுங்க, சொல்லுங்க.”

மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறாயிரத்தில் இவரும் ஒருவர். பழைய உடம்பு, புதிய இன்ஜின். கம்பெனி தன் புது இன்ஜினை ஊரிலேயே அப்பாவியான வண்டியாகத் தேடிப்பிடித்து அதில் வைத்திருக்கிறது என்று இவராகவே முடித்துக்கொண்டிருக்கிறார். பின் இருக்கையில் உட்கார மாஸ்டருக்கு அனுமதி உண்டு, வாய் திறக்க இல்லை. உட்கார்ந்தார்.

நர்ஸம்மா கிளப்பினார். வண்டி உறுமியது. பரிசோதகர் கண்ணை மூடி அனுபவித்தார். பின்னால் நாற்பத்துமூன்று கார்கள் மௌன ஊர்வலம் போல ஓசைப்படாமல் வந்தன. திருப்பம், மேடு, இரண்டு கம்பம், எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகும் பரிசோதகர் இறங்கவில்லை. நேராகப் போகச் சொன்னார். நீளமான, காலியான ரோடு வந்தது.

“கொஞ்சம் அழுத்துங்கம்மா.”

“நாப்பதுன்னு போர்டு போட்டிருக்கு சார்.”

“நான்தானே சொல்றேன். சும்மா ஒரு தடவை.”

பின் இருக்கையில் மாஸ்டர் சீட் பெல்ட்டைக் கடித்தார். அவர் சொல்கிறார், செய்து தொலை என்று மனசு கத்தியது. அழுத்தினால் வண்டி ஐம்பதில் அழ ஆரம்பிக்கும், சாயம் வெளுக்கும். அழுத்தாவிட்டால் சொன்னதைக் கேட்காதவர் என்று எழுதிவிடுவார்.

நர்ஸம்மா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க சொன்னா போர்டு மாறிடுமா சார்? பெரிய டாக்டரே வந்து நின்னாலும் சீட்டுல எழுதினதுக்கு மேல ஒரு சொட்டு மருந்து ஏத்த மாட்டேன். நீங்க முதல்ல டாஷ்போர்டுல இருந்து கையை எடுங்க.”

பரிசோதகர் கையை எடுத்தார். வண்டியை அலுவலகத்துக்குத் திருப்பச் சொன்னார். இறங்கி, தாளை பானெட்டின் மேல் வைத்து நிதானமாக எழுதினார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ‘வேக வரம்பை மீறும்படி பரிசோதகரே வற்புறுத்தியும் மறுத்தார். தேர்ச்சி.’ கீழே கையெழுத்து. எழுதி முடித்துவிட்டு, இப்படிப்பட்ட ஆளைத்தான் கம்பெனி தேர்ந்தெடுக்கும் என்று மாஸ்டர் காதில் சொன்னார்.

இரண்டு நாளில் அந்தக் கம்பெனி, இந்தப் பக்கத்தில் எங்கள் வண்டி எதுவும் ஓடவில்லை என்று அறிக்கை விட்டது. அன்று ஒரே நாளில் குழுவில் இருநூறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள்.

ஒன்றாம் தேதி விடிந்தது. நர்ஸம்மா வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போன பிறகுதான் டர்போ போனில் விஷயத்தைச் சொன்னான். துறைமுகத்தில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று நிற்கிறதாம். ஆயிரம் குதிரைத்திறன் என்று வதந்தி. நாற்பத்துமூன்று கார்களும் முந்தின நாள் மாலையே அங்கே போய்விட்டன. அது தண்ணீர்த் தொட்டி என்று தெரிய அவர்களுக்கு ஆறு நாள் பிடித்தது, அது வேறு கதை. இப்போது மலை ரோட்டில் நர்ஸம்மாவுக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் சாதாரண மனிதர்கள், கையில் ஹாரனோடு.

மாஸ்டர் வீட்டுக்குள் நடந்தார். மலை ரோட்டில் எத்தனை வளைவு என்று எண்ணினார். இருபத்தைந்து நிமிஷப் பாதை. ஒரு மணி நேரம் ஆனது, ஒன்றே கால் ஆனது. போன் அடித்தபோது எடுக்கவே பயந்தார்.

“வந்து சேர்ந்துட்டேன். பொறுப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு.”

“யாராவது… ஹாரன்…”

“ஒருத்தர் அடிச்சார். மூணாவது வளைவுல. வண்டி நின்னுடுச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மணி அடிச்சா போய்ப் பார்க்கணும்ல? ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு இறங்கிப் போனேன். என்ன செய்யுது, எங்க வலிக்குதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கன்னார். கையைப் பிடிச்சுப் பார்த்தேன், நாடி குதிரையாட்டம் ஓடுது. சாயங்காலம் இங்க வரச் சொல்லியிருக்கேன்.”