கண் போனவருக்குக் கொடுத்த பரிசு

"ஏம்மா, இத்த எய்துனது யாரு?"

"நான்தான் ஐயா."

"நீயா? சர்தான். நானும் முப்பது வருஷமா மனுவுங்களப் படிச்சிகினு கீறேன். பாட்டி செத்துட்டான்னு நாலு வாட்டி லீவு கேட்டவனப் பாத்துக்கீறேன். கனவுல மாதா வந்து சம்பளத்த ஏத்திக் கேளுன்னு சொன்னதா எய்துனவனப் பாத்துக்கீறேன். ஸ்வீடன் தேசத்த சாட்சிக்கு இஸ்துகினு வந்தவ நீ ஒருத்திதாம்மா!"

பெரிய குமாஸ்தா வரதன் இப்படிச் சொன்னதும், பக்கத்து மேஜைகளில் இருந்த இரண்டு சின்ன குமாஸ்தாக்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எல்சி சிரிக்கவில்லை. பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் சவரிநாதனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்களின் மேல் கறுப்புத் துணி கட்டியிருந்தது. சிரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமெல்லாம் அவன் முகம் திரும்பித் திரும்பி அலைந்தது. 

ராயபுரத்துக் கடலோரத்தில் இருந்த அந்தக் கம்பெனிக்கு ஒரே வேலைதான். எண்ணூர் வரைக்கும் கடலில் மிதக்கும் விளக்குகளுக்கு கேஸ் அடைத்த சிலிண்டர்களைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, காலியானதைத் திருப்பிக் கொண்டுவருவது. பொழுது சாய்ந்தால் அந்த விளக்குகள் தாமாக எரியும். சூரியன் வந்தால் தாமாக அணையும். ஏற்றவோ அணைக்கவோ ஆள் போகவேண்டியதில்லை. சிலிண்டர் ஒழுகுகிறதா என்று கொட்டகையில் பார்த்து அனுப்புகிறவன் சவரிநாதன். ஒன்பது வருஷம் பார்த்தான். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு சிலிண்டர் அவன் முகத்துக்கு நேரே வெடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்கு வந்த வாரமே கம்பெனியின் விசாரணைக் காகிதமும் வந்தது. வேலையிலிருந்து நீக்கம். காரணம் ஒரே வரி: 'கொட்டகைக்குள் பீடி பிடித்த சொந்த அஜாக்கிரதை.' பிறந்ததிலிருந்து பீடியை உதட்டில் வைத்தவனில்லை சவரிநாதன். ஆனால் அந்த ஒரு வரி அவனுக்கு முன்னால் ஓடிப்போய் எல்லா வாசலிலும் நின்றுகொண்டது. துறைமுகத்தில் கயிறு திரிக்கும் வேலை கேட்டான். அங்கேயும் அது தெரிந்திருந்தது. மாதா கோயிலில் பூசைக்குப் போனால், "பீடியால கண்ண வுட்டவன்" என்று பிள்ளைகள் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

வரதன் பொடி டப்பாவைத் தட்டித் திறந்தார். மனுவைத் தூரப் பிடித்து உரக்கப் படித்தார், நாடகத்தில் ராஜா படிக்கிற மாதிரி.

"'இதே கடல் விளக்குகளுக்கு வால்வு கண்டுபிடித்த ஸ்வீடன் தேசத்து மேதை கஸ்தாவ் தாலேன் என்பவருக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் கேஸ் வெடித்து இரண்டு கண்களும் போயின. அவர் கண்களைக் கொடுத்ததற்காக அந்த வருஷமே நோபெல் பரிசு என்னும் பெரிய பரிசை அவருக்கு அளித்தார்கள். அதே கேஸினால் கண் இழந்த என் புருஷனுக்குப் பரிசு வேண்டாம். பழைய வேலையைக் கொடுத்தால் போதும்.' ஆகா! பரிசு வாணாமாம்பா, பெரிய மனசு!"

"கண்ணு போனதுக்கெல்லாம் பரிசுன்னா எங்க தெருவுல நாலு பேரு கீறாங்க" என்றான் ஒரு குமாஸ்தா.

"சும்மா இருப்பா." வரதன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா எல்சி, அந்தாளுக்குப் பரிசு குடுத்தது கண்ணு போனதுக்கு இல்ல. அந்த வால்வு கண்டுபுடிச்சதுக்கு. விளக்கு வாங்கறச்சே கூடவே ஒரு புஸ்தகம் வந்துச்சி, அதுல போட்டுக்கீது. கண்ணு போனது வேற கத. ரெண்டும் ஒரே வருஷம் வந்துட்ச்சி, அவ்ளோதான். நீ ரெண்டத்தயும் ஒண்ணா முடிஞ்சிட்ட."

எல்சிக்குக் காது இரண்டும் சுட்டது.

அவள் கோயில் வாசகசாலையின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்புக் கதைகளைப் படித்தே வளர்ந்தவள். வெயிலில் ராயபுரம் கருவாட்டு வாசனை வீசும்போது, அவள் பனி மூடிய ஊர்களில் நடந்துகொண்டிருப்பாள். அங்கே வண்டிகளுக்குச் சக்கரம் கிடையாது, அழுகிறவர்களின் கண்ணீர் கன்னத்திலேயே உறைந்துவிடும், கெட்டவன் கடைசி அத்தியாயத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பான். போன மாசம் ஒரு பத்திரிகையில் ஸ்வீடன் தேசத்தார் வாங்கிய பரிசுகளைப் பற்றிக் கட்டுரை வந்திருந்தது. கதை எழுதியதற்காகப் பரிசு வாங்கிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா. சமாதானத்துக்காக வாங்கிய ஒரு மந்திரி. உப்புக் கரைசலை ஆராய்ந்து வாங்கிய ஒருவர். அவர்களுக்கு நடுவே, கண் இழந்த இந்த மனிதர். படுத்துக் கிடந்தவருக்குப் பதிலாக அவர் அண்ணனோ தம்பியோ போய்ப் பரிசை வாங்கிக்கொண்டதாகப் போட்டிருந்தது. அந்தச் சகோதரனின் கறுப்புக் கோட்டில் பனி விழுந்திருப்பதைக்கூட அவள் பார்த்துவிட்டாள். அந்தப் பனியில் மீதி வரிகளை அவள் சரியாகப் படிக்கவில்லைபோல.

வீட்டுக்கு ஓடிவந்து சவரிநாதனிடம் சொன்னபோது, பல நாளாகப் படுத்தே கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"இப்ப அவரு இன்னா பண்றாராம்?" என்று கேட்டான்.

"கம்பெனிய அவருதான் நடத்திகினு கீறாராம். பதினேழு வருஷமா. கண்ணு இல்லாமயே."

அவன் கண்மேல் கட்டியிருந்த துணியைத் தடவிப் பார்த்தான். பிறகு, "ஒரு மனு எய்து புள்ள" என்றான்.

அந்த மனுதான் இப்போது சிரிப்பாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. தவறு தன்னுடையது. தன் தவறால் அவனை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்துச் சிரிக்கவிட்டோமே என்று அவள் குன்றிப்போனாள். எழுந்து போய்விடலாம் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"சரி, கெளம்புங்க" என்றார் வரதன், கொஞ்சம் இரக்கமாகவே. "கண்ணில்லாதவன வெச்சி நாங்க இன்னா பண்றது? சிலிண்டர் மேல சோப்புத் தண்ணி தடவுனா நுரை வருதான்னு பாக்கணும். இவன் எத்தப் பாப்பான்?"

"ஈர உதட்ட வால்வு கிட்ட கொண்டுபோனா ஜில்லுன்னு தெரியும் ஐயா" என்றான் சவரிநாதன். "கண்ணு இருந்தப்பவே அப்டித்தான் பாத்தேன். நுரைக்கு முன்ன உதடு சொல்லும்."

"சொல்லும், சொல்லும். அதுக்குத்தான் அந்த உதட்டுல பீடி இருந்துச்சாக்கும்?"

சின்ன குமாஸ்தாக்கள் மறுபடி சிரித்தார்கள்.

புடவைத் தலைப்பைச் செருகிய கை அப்படியே நின்றது. எல்சிக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. பரிசு கண்ணுக்காக இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த மனிதருக்குக் கண் போனபோது என்ன நடந்தது? யாரும் எதையும் பிடுங்கவில்லை! அவருடைய நாற்காலி, கம்பெனி, வரவேண்டிய பரிசு எல்லாம் அவருக்காகக் காத்திருந்தன. இதையல்லவா மனுவில் எழுதியிருக்க வேண்டும்! மன்னிப்புக் கேட்கவேண்டியவர்கள் இங்கே பொடி போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

அவள் திரும்பி மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, நான் எய்துனது தப்புதான். உங்களுக்குத்தான் நல்லாத் தெரிஞ்சிக்கீதே, ஒண்ணு கேக்குறேன். அந்த ஸ்வீடன்காரரு கையில கேஸு வெடிச்சப்ப, அவரு அஜாக்கிரதன்னு யாருனா எய்துனாங்களா? பீடி புடிச்சாருன்னு எய்துனாங்களா?"

"அவரு எங்க, இவன் எங்க—"

"வெடிச்சது ஒரே கேஸுதானே ஐயா? அவரு கையில வெடிச்சா ஆராய்ச்சி, எம்புருஷன் கையில வெடிச்சா பீடியா?"

ஒரு குமாஸ்தா இருமினான். இன்னொருவன் பேனாவை எடுத்துக்கொண்டான்.

"அந்த மனுசரு இப்ப இங்க வந்து, கண்ணில்லாம கேட்டுல நின்னா, காவக்கார தாவூது அண்ணன வுட்டுத் தொரத்துவீங்களா? நாற்காலி போடுவீங்க! ஸ்வீடன் ராசா ஊருக்கு ஒரு நியாயம், ராயபுரத்துக்கு ஒரு நியாயமா?"

"தே, மெதுவாப் பேசு. உள்ள துரை கீறாரு."

"கேக்கட்டும்னுதான் பேசறேன்." அவள் குரல் தாழவில்லை. மேஜைமேல் கிடந்த மனுவை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். "இத்த எய்துனது யாருன்னு கேட்டீங்களே ஐயா, நெசமாத்தான் கேட்டீங்களா? இந்தக் கையெய்த்து உங்களுக்குத் தெரியாதா?"

வரதன் மனுவிலிருந்து பார்வையை விலக்கினார்.

"இவருக்கு எய்தத் தெரியாது. கொட்டகையில எதுனா கோளாறுன்னா நான்தான் சீட்டு எய்திக் குடுப்பேன். 'ஏழாம் நம்பர் சிலிண்டர் பூண்டு நாத்தம் அடிக்குது, வால்வு ஒழுவுது, மாத்தணும்.' மார்கழியில ஒண்ணு. தையில ரெண்டு. மூணும் உங்க கையில குடுத்தாரு. மூணையும் வாங்கி இந்த டிராயர்ல போட்டீங்க. நாலாவது சீட்டு எய்தறதுக்குள்ள அதே ஏழாம் நம்பரு வெடிச்சிட்ச்சி."

"அந்தச் சீட்டெல்லாம்..." என்று ஆரம்பித்த வரதன் பொடி டப்பாவை மூடினார். மறுபடி திறந்தார். உள் அறைக் கதவைப் பார்த்தார். அவருடைய இடது முழங்கை மட்டும், அவர் அறியாமலே, டிராயரின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

சவரிநாதன் பெஞ்சிலிருந்து எழுந்தான். எதையும் தடவாமல், அவள் குரல் இருந்த திசையை நோக்கி நான்கு அடி வைத்து, அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். ஒன்பது வருஷம் நடந்த தரை அது.

கட்டிடத்துக்கு வெளியே சிலிண்டர்களை உருட்டும் சத்தம் கேட்டது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

"பரிசும் வாணாம், ஸ்வீடனும் வாணாம், அந்தப் பீடி வரிய அடிச்சிடுங்கன்னு கேக்குறேன்" என்றாள் எல்சி. மனுவை அவர் முன்னால் வைத்து, கசங்கிய மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள். "அந்த டிராயரத் தொறந்து, மூணு சீட்டையும் எடுத்து, இதோட சேத்துக் குத்தி, துரைகிட்ட எடுத்துகினு போங்க ஐயா."