மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள்

வாசலில் கார் ஹாரன் அலறியதும் ஷுக்ரானின் கையிலிருந்த தட்டு நழுவியது. மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வருவதாகத்தானே பேச்சு? இன்னும் பன்னிரண்டுகூட ஆகவில்லை.

கதவைத் திறந்தால் ஒரு கணவன், மனைவி, பின்னால் நெடுநெடுவென்று மகன். பூங்கொத்து இல்லை, சாக்லேட் டப்பா இல்லை. பெண் கேட்டு வரும் லட்சணமா இது? போட்டோவில் இருந்த தாடியையும் எடுத்துவிட்டிருந்தான். போகட்டும் என்று உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

துருக்கியின் அமாஸ்யாவில் ஆற்றை ஒட்டிய பழைய மரவீடுகள் எல்லாம் ஒரே அச்சு. வந்தவர்கள் அண்ணாந்து கூரையில் செதுக்கியிருந்த மர நட்சத்திரத்தைப் பார்த்தார்கள். பின்ஜன்னல் வழியாக, மலையில் குடைந்த ராஜாக்களின் கல்லறைகளைப் பார்த்தார்கள். வீட்டுக்கு எத்தனை வயது, சுவர் மண்ணா மரமா என்று துருவினார்கள். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஷுக்ரான் சமையலறைக்கு ஓடினாள். "நெஸ்லிஹான், இவங்க உன்னப் பாக்க வரலடி. வீட்ட விலை பேச வந்திருக்காங்க."

மகளுக்குச் சிரிப்பு. இந்த இடமும் தட்டிப்போனால் இனி கல்யாணப் பேச்சையே எடுப்பதில்லை என்று அம்மா சத்தியம் செய்திருந்தாள். பெண் பார்க்க வருபவனின் காப்பியில் உப்புப் போடுவது நாடு முழுக்க உள்ள வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலி. மற்ற பெண்கள் கால் ஸ்பூன் போடுவார்கள். நெஸ்லிஹான் மூன்று போட்டாள். ஏற்கெனவே நான்கு பேர் இருமிக்கொண்டே ஓடியிருக்கிறார்கள்.

இவன் குடித்தான். கண்ணில் நீர் கோத்தது. ஆனாலும் கூரை நட்சத்திரத்தை எப்படிச் செதுக்கினார்கள் என்று அவளிடமே கேட்டான். ஊர் சுற்றிக்காட்டுவதே அவள் வேலை, விடுவாளா? சொல்லி முடித்தபோது கோப்பையில் மண்டிதான் மிச்சம். நெஸ்லிஹானுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அப்போது அவன் அப்பா எழுந்தார். "காப்பி எல்லாம் குடுத்து நல்லா கவனிக்கிறீங்கம்மா. இளவரசர்களோட மெழுகு பொம்மை எந்த ரூம்ல இருக்கு?"

ஷுக்ரானுக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது. மியூசியம் அடுத்த வீடு. இவர்கள் கைசேரியிலிருந்து ஊர் பார்க்க வந்தவர்கள். விஷயம் தெரிந்ததும் இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பெரியவர்கள் வாசலில் ஷூ மாட்டும்போது, மகன் மட்டும் பின்தங்கினான். நெஸ்லிஹான் காலிக் கோப்பையைக் காட்டி, உப்பு என்று சொல்லியிருக்கலாமே, தெரியாமல்தானே வந்தீர்கள் என்று கடிந்துகொண்டாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சுங்க, இது மியூசியம் இல்லன்னு."