ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்தின் மரண அறிவித்தல்கள்

செத்தவர்களைப் பற்றி உயிரோடிருப்பவர்கள் அறிய உலகத்தில் ஒரு விஷயமும் மிச்சமில்லை என்று அனுஷன் அறிவித்தபோது, அப்பாவின் கழுத்துப்பட்டியைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தான். எதிரே நின்று இன்னொருவருக்குக் கட்ட அவனுக்குத் தெரியாது. முடிச்சு விழுந்ததும் தளர்த்தித் தலைவழியே கழற்றினான். சற்குணம் மாமா தலையைத் தூக்கிக் கொடுக்க, சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பா இரத்தினவேலுக்கு மாட்டி இறுக்கினான்.

"உன்ரை தத்துவத்தை விட்டிட்டு இதைச் சொல்லு," என்றாள் அம்மா உதயகுமாரி. "கொப்பியளை அப்பாவோடை வைக்கிறதோ, வீட்டை கொண்டுபோறதோ? இன்னும் அரை மணித்தியாலத்திலை பெட்டி மூடப்போயினம்."

அவள் மடியில் அப்பா எழுதிய ஒன்பது கொப்பிகளும் ஒரு பிரெஞ்சுப் புத்தகமும். அப்பா நோர்வேக்கு வருமுன் பாரிசில் கோப்பை கழுவிய காலத்தில், நடைபாதைக் கடையில் வாங்கியது. புரட்சிக் காலத்துக் காலாட்படைப் பிரிவொன்றின் வரலாறு. மன்னரின் வெள்ளைச் சட்டைக்காரரையும் குடியரசின் நீலச் சட்டைத் தொண்டர்களையும் ஒன்றாய்க் கலந்து, பழைய பெயரைப் பறித்து, இலக்கம் கொடுத்த பட்டாளம். புத்தகத்தின் கடைசியில் அதன் வீரர்களின் ஆட்பதிவு. பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு, ஒஸ்லோவின் அம்மருட் பகுதி வீட்டுக் குசினி மேசையில் பதினொரு வருடம் அந்தப் பதிவைத் தமிழில் எழுதினார்.

"அந்த ரெஜிமென்ருக்கு உலகத்திலை ஒரேயொரு தமிழ் வாசகர். அவரும் போயிட்டார்," என்றான் அனுஷன். "உள்ளுக்கை வையுங்கோ."

சற்குணம் மாமா தமிழ் வானொலிக்குக் கொடுக்கவேண்டிய தாளை விரித்தார். "தங்கச்சி, பிழையெண்டாச் சொல்லும். 'சாவகச்சேரியைப் பிறப்பிடமாகவும், ஒஸ்லோவை வதிவிடமாகவும் கொண்ட சின்னையா இரத்தினவேல் 17.02.2005 வியாழக்கிழமை காலமானார். அன்னார் காலஞ்சென்ற சின்னையா, நாகம்மா தம்பதிகளின் அன்பு மகனும்...'"

சிரிக்க ஏதாவது கிடைக்குமென்று அனுஷன் ஒரு கொப்பியைத் திறந்தான்.

'திஜோனைப் பிறப்பிடமாகக் கொண்ட எத்தியேன் கறோ, தச்சர், ஐந்தடி இரண்டங்குலம். அன்னார் அந்துவான், மரி தம்பதிகளின் அன்பு மகனும்...'

அடுத்தவரும் அன்பு மகன். அதற்கடுத்தவரும். பட்டாளத்துக்கே அப்பா மரண அறிவித்தல் எழுதி வைத்திருந்தார். சிரிப்பு வந்தது. ஆனால் சிலருக்கு முடிவு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. புத்தகத்தைப் புரட்டினான், பள்ளியில் படித்த பிரெஞ்சு அதற்குப் போதும். அத்தனை பேரும் காணாமல் போனவர்கள்.

"இவைக்கு ஏனம்மா ஒண்டும் எழுதேல்லை?"

"பிறகு தெரிய வந்தா எழுத இடம் வேணுமாம்."

மாமாவின் பேனை தாளில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. "பிலேந்திரனின் அன்புச் சகோதரனும்..." என்றவர் இருமினார். "தொண்ணூறிலை ஆமி அவனைப் பிடிச்சுக்கொண்டு போனது. பதினைஞ்சு வருசமா ஒரு தகவலுமில்லை. பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ?"

உதயகுமாரி கணவரின் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தாள்.

"போடாதையுங்கோ."

அனுஷன் ஒன்பதாவது கொப்பியை எடுத்தான். பாதியில் நின்றிருந்தது: 'நான்சியைப் பிறப்பிடமாகக் கொண்ட குளோத் வொத்ரன், நெசவாளர்...'

இறுதிச்சடங்கு மண்டபத்துப் பணிப்பெண் கதவைத் திறந்து, பெட்டியை மூடலாமா என்று நோர்வேஜிய மொழியில் மெதுவாகக் கேட்டாள். இரண்டு நிமிடம் என்றான் அவன். மாமாவின் கையிலிருந்து பேனையை வாங்கினான்.

"அம்மா, 'அன்பு மகன்' எண்டு அப்பா எல்லாருக்குமே போட்டவர்?"

"ஓம். எல்லாருக்கும்."

பெட்டியின் விளிம்பில் கொப்பியை வைத்து, புத்தகத்தில் விரலை ஓட்டி, வொத்ரனின் உயரத்தைத் தேடினான்.