புறங்கை

இப்போதெல்லாம் எவனும் எவன் முகத்தையும் பார்த்து நம்புவதில்லை. காகிதத்தைக் காட்டு என்கிறான். பல் பிடுங்குகிறவனிலிருந்து பைப்பு மாட்டுகிறவன் வரை ஆளுக்கொரு காகிதம். காகிதம் வைத்திருப்பவன் மாட்டிய பைப்புதான் ஒழுகவும் செய்கிறது. ஊரில் கரண்டு வேலை பார்த்தே அந்தப் பேர் வாங்கிய பியூஸ்காரருக்கு இது தீராத எரிச்சல். அவரும் யாரையும் நம்பாத ஆள்தான் என்பது வேறு விஷயம். அவர் காகிதத்தையும் சேர்த்தே நம்பமாட்டார்.

அவரும் மச்சானும் ஒயர் இழுத்த சினிமா தியேட்டர் ஒன்று இருந்தது. மச்சான் என்றால் பெண்டாட்டியின் அண்ணன். தியேட்டர் திறந்த அன்று சனமெல்லாம் படத்தைப் பார்க்க, இவர்கள் இருவரும் ஓரமாக நின்று கூரையில் எரிந்த பல்புகளையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன கதை என்று வீட்டில் கேட்டபோது இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியவில்லை. மச்சான் போய்ச் சேர்ந்த பிறகும், கரண்டு போர்டு இருக்கும் ரூமின் சாவி பியூஸ்காரர் இடுப்பில்தான் தொங்கியது.

தியேட்டர் கைமாறியது. ஆரம்பநிலை எலக்ட்ரிக் பயிற்சி முடித்த சான்றிதழ் இல்லாமல் யாரும் போர்டைத் தொடக்கூடாது என்று புது முதலாளி சொல்லிவிட்டார். கொண்டு வந்தால் சாவி இவருக்கு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

வேறு வழியில்லாமல் பேரன் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். எலக்ட்ரிக் சொல்லிக்கொடுக்கிற அறையில் டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது. முதல் நாளே அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். பாடம் நடத்தியவள் அவர் மருமகள் வயதுப் பெண். டீச்சரம்மா என்றார்கள்.

எழுத்துப் பரீட்சையை எப்படியோ தாண்டிவிட்டார். செய்முறையில்தான் சறுக்கியது. பயிற்சிப் பலகையில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அதன் ஒயரில் கரண்டு இல்லை என்று காட்ட வேண்டும். முதலில் சுவரில் கரண்டு உள்ள பாயிண்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ஒயரில், மறுபடியும் பாயிண்டில். எல்லாம் ஒழுங்காகச் செய்தார். செய்து முடித்து, தன்னை அறியாமல் இடது புறங்கையால் ஒயரை ஒரு தட்டுத் தட்டினார். டீச்சரம்மா அந்த இடத்திலேயே ஃபெயில் போட்டாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அத்தோடு சரி என்றாள்.

அது மச்சான் பழக்கிய கை. டெஸ்டர் வாங்க வக்கில்லாத காலம். உள்ளங்கையால் தொட்டால் விரல் மடங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ளும். புறங்கையென்றால் உதறிக்கொண்டு வந்துவிடும் என்பது மச்சானின் கணக்கு. "உள்ள இருக்கானான்னு வாசல்ல நின்னு தட்டிப் பாரு மாப்ள. கதவத் தொறந்துகிட்டு உள்ள போயிராத" என்று ஏணி மேலிருந்து சிரிப்பான்.

இதைச் சொன்னதும் டீச்சரம்மா கேட்டாள்: "அந்த மச்சான் இப்ப எங்கய்யா?"

"போயிட்டான்."

"கரண்டு அடிச்சா?"

"காய்ச்சல்ல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை.

மறு பரீட்சை அன்று பியூஸ்காரர் இடது கையைப் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு வந்தார். டீச்சரம்மா ஒரு டெஸ்டரை நீட்டினாள். பலகையின் மெயினை இறக்கிவிட்டு, அதைச் சுவர் பாயிண்டில் வைத்தார். எரியவில்லை. பக்கத்துப் பாயிண்டில் வைத்தார். அங்கும் இல்லை. தலைக்கு மேலே டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாம்மா, பொய் சொல்லுது. கரண்டு இருக்கிற எடத்துலயே இல்லங்குது. இதப் போயி நம்பச் சொன்னியே."

"ஆமாய்யா, பல்பு செத்த டெஸ்டர். தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றாள் அவள். "நீங்க அத நம்பாம மொதல்ல பாத்தீங்கல்ல? அதத்தான் நான் இத்தன நாளா சொல்லிக் குடுத்தேன்."

ஜெயித்தது யார் என்று பியூஸ்காரருக்குப் பிடிபடவில்லை. அவள் மேசையிலிருந்து வேறொரு டெஸ்டரை எடுத்துக் கொடுத்தாள். பாயிண்டில் எரிந்தது, ஒயரில் எரியவில்லை, பாயிண்டில் மறுபடி எரிந்தது. பைக்குள் இடது கை பொறியில் மாட்டிய எலிபோல நெளிந்தது. அவர் வெளியே விடவில்லை.

சான்றிதழை நீட்டும்போது டீச்சரம்மா கேட்டாள்: "யாரையும் நம்ப மாட்டேங்கிறீங்க. கைய மட்டும் எப்படிய்யா நம்புறீங்க?"

"அது இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பொய் சொன்னதில்ல."

"ஒரே ஒரு தடவ சொன்னாப் போதுமேய்யா."

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் இரும்புக் கேட் சாத்தியிருந்தது. பைக்குள்ளிருந்து வெளியே வந்த இடது கை, புறங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தள்ளியது.

மூன்று தடவை பார்க்கச் சொல்கிறவர்களுக்கு நாலாவது தடவை பார்த்தால் மட்டும் என்ன குடி முழுகிவிடும் என்று முனகிக்கொண்டே, தியேட்டர் இருக்கும் தெருவைப் பார்க்க நடந்தார்.