பன்னிரண்டு பரப்பு

கல்குலேற்றர் எட்டு எண்டது. பாலேஸ்வரிக்கு வேண்டியது பன்னிரண்டு.

புத்தூரிலை அவளுக்குச் சீதனமாய்ப் பேசின வெங்காயத் தோட்டம் காணி உறுதிப்பத்திரத்திலை பன்னிரண்டு பரப்பு. அதைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை பகுதி சம்மதிச்சது. நாளைக்குக் காணி பார்க்க வருகினம். அவளும் தமையன் கதிரவேலு அண்ணையும் நாடா பிடிச்சு அளந்த நீளங்களைப் போட்டால், கம்பஸிலை படிக்கேக்கை அவளே புறோகிராம் எழுதின பழைய மெசின் எட்டெண்டு காட்டிப்போட்டு அணைஞ்சு போச்சு. மிச்சம் நாலு பரப்பு எங்கை? அண்ணைக்கு யோசிக்கவே தேவையில்லை. பக்கத்துக் காணி மார்க்கண்டு வேலியை எங்கடை பக்கம் அரக்கிப் போட்டான், விடிய வேலி பிடுங்குறன் எண்டு கத்தி தீட்டத் தொடங்கினார்.

இல்லை, மெசினிலைதான் பிழை எண்டு பாலேஸ்வரி ஒற்றைக்காலிலை நிண்டாள்.

பிழை இல்லாமலும் இல்லை. சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வரத் தடை. எல்லாரும் றேடியோவுக்குச் செய்யிற மாதிரி அவளும் செத்த பற்றறியிலை ஓட்டை குத்தி உப்புத்தண்ணி விட்டிருந்தாள். அது ஒழுகி உள்ளுக்கிருந்த தகடெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. படிச்ச பிள்ளை செய்யிற வேலையைப் பாருங்கோ!

தேசிப்புளியிலை பஞ்சு தோய்ச்சுத் தேய்ச்சாள். ஊசியாலை சுரண்டினாள். பழுதான றேடியோவிலை இருந்து டயோட்டும் கொண்டன்சரும் கழட்டி, மெசினைச் சைக்கிள் டைனமோவோடை தொடுத்தாள். சைக்கிளைக் கவிட்டு வைச்சு அண்ணை கையாலை பெடல் சுத்தவேணும். வேகம் கூடினால் மெசின் எரியும்; கை விட்டால் புறோகிராம் அழிஞ்சு போகும். அவள் முழுக்க அடிச்சு முடிக்கிற நேரம் பார்த்து மனுசன் மூக்கைச் சொறியக் கையை எடுத்தார். பல்லைக் கடிச்சுக்கொண்டு திரும்பவும் முதலிலை இருந்து அடிச்சாள்.

கணக்குத் தெரிஞ்ச வீட்டு வளவைப் போட்டுப் பார்த்தாள். ரெண்டு பரப்பு, சரி. தோட்டத்தைப் போட்டாள். எட்டு.

அந்த நேரம் குசினிக்குள்ளை இருந்து அம்மா கூப்பிட்டா, வயலுக்குத் தண்ணி மாறிப்போட்டு வரட்டாம்.

வயல். வெங்காயம் நட்டு எத்தினை வருசம், இன்னும் வீட்டிலை அந்தக் காணிக்குப் பேர் வயல்தான். அப்பு காலத்திலை நெல்லு விதைச்ச நிலம். பேந்துதான் மண் போட்டு உயர்த்தித் தோட்டமாக்கினது. உறுதி எழுதினது நெல்லுக் காலத்திலை. நெல்லுப் பரப்புக்குப் பன்னிரண்டு குழி, தோட்டப் பரப்புக்குப் பதினெட்டுக் குழி. மெசினிலை அவள் எழுதினது தோட்டக் கணக்கு. பன்னிரண்டு நெல்லுப் பரப்பை அந்தக் கணக்குக்கு மாத்தினால் எட்டுத்தான் வரும். மண் ஒரு பிடியும் எங்கையும் போகேல்லை.

அந்த மாப்பிள்ளைப் பொடியனை அவளுக்குப் பிடிச்சிருந்தது, சொல்லுறதிலை என்ன வெக்கம். வாயை மூடிக்கொண்டிருந்தால் உறுதியைக் காட்டிக் கலியாணத்தை ஒப்பேத்தலாம். பழி மார்க்கண்டுவோடை போகும்.

அண்ணை வேர்க்க விறுவிறுக்கச் சுத்திக்கொண்டு, பன்னிரண்டு வந்திட்டுதோ எண்டு கேட்டார்.

"எட்டுத்தான் அண்ணை. உறுதியிலை கிடக்கிறது நெல்லுப் பரப்பு. மார்க்கண்டு அண்ணை ஒண்டும் எடுக்கேல்லை, வேலியைத் தொடாதேங்கோ. நாளைக்கு வாறவைக்கும் எட்டெண்டே சொல்லுங்கோ."

"அவை எழும்பிப் போனால்?"

"போறவை போகட்டும். அவர் ஒருத்தர் நிண்டால் எனக்குக் காணும்."

அண்ணை கையை எடுத்தார். சில்லு நிண்டுது, எட்டும் அணைஞ்சுது. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணி மாறப் போனாள்.